புது பைக்கில் கியர் சரியாக விழவில்லையா? முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பார்க்க வேண்டியவை

புது பைக் எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருக்கும். சிக்னலில் நிற்கிறீர்கள். நியூட்ரல் போடலாம் என்று கியர் லீவரை மெல்லத் தூக்கினால் இரண்டாவது கியர் விழுகிறது. மெல்ல அழுத்தினால் முதல் கியர். மீட்டரில் நியூட்ரல் விளக்கு பச்சையாக ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துபோகிறது. பின்னால் ஹாரன் சத்தம். ஆசைப்பட்டு வாங்கிய வண்டியின் கியர்பாக்ஸிலேயே கோளாறோ என்று வயிற்றைக் கலக்கும்.

எனக்கும் கலக்கியது. 300 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, "புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் சர்வீஸ் வரைக்கும் இடது கால் பெருவிரல் வலிக்க வலிக்க ஓட்டினேன். கடைசியில் பார்த்தால் கிளட்ச் கேபிள் தொளதொளவென்று இருந்திருக்கிறது. கிளட்ச் லீவரின் நுனி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் சும்மா வந்த பிறகுதான் கேபிளே இழுபட ஆரம்பித்தது. சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது, அவ்வளவுதான்.

"ஓட ஓட சரியாகும்" என்பது பாதி உண்மை. எது தானாகச் சரியாகும், எதை நாமே சரிசெய்ய வேண்டும், எதற்கு உடனே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது

பைக் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது பல்லும் பல்லும் புதிதாக வந்து சேர்வதில்லை. ஒரு சக்கரத்தின் பக்கவாட்டில் குட்டையான முட்டுகள் இருக்கும். பக்கத்துச் சக்கரத்தில் அவை உட்காரப் பள்ளங்கள் இருக்கும். நீங்கள் லீவரைத் தூக்கும்போது உள்ளே ஒரு உருளை கொஞ்சம் திரும்புகிறது. அந்த உருளையில் வெட்டியிருக்கும் காடிகளில் ஓடும் ஃபோர்க்குகள் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. முட்டு போய்ப் பள்ளத்தில் விழுகிறது. 'கியர் விழுந்தது' என்று நாம் பேச்சில் சொல்வது உண்மையிலேயே பொருத்தமான சொல்தான். 'டொக்' என்று கேட்பது முட்டு விழும் சத்தம்.

காரில் கியர் சேரும் முன் இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமன்படுத்த சிங்க்ரோ வளையங்கள் உண்டு. பைக்கில் பொதுவாக அது கிடையாது. அதனால் காரிலிருந்து பைக்குக்கு வருகிறவர்களுக்கு இந்தச் சத்தம் திடுக்கிட வைக்கும். அளவான 'டொக்' கோளாறு இல்லை.

முட்டு சுலபமாக விழ இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அந்த நொடியில் சக்கரங்களுக்கு இடையே இழுவிசை இருக்கக் கூடாது. கிளட்ச் முழுதாக விலகுவதும் ஆக்ஸிலரேட்டர் அடங்குவதும் இதற்காகத்தான். இரண்டு, லீவரை முடிவு வரைக்கும் தள்ள வேண்டும். புது வண்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று குறைவதால் வருபவை.

புது வண்டியில் முட்டுகளின் ஓரம், உருளையின் காடி, கிளட்ச் பிளேட்டுகள், கேபிளின் உள்கம்பி எல்லாமே இன்னும் ஒன்றுக்கொன்று பழகாதவை. முதல் சில நூறு கிலோமீட்டரில் அவை இழைந்து படிந்துவிடும். கரகரப்பான உணர்வு, லேசான இறுக்கம், கொஞ்சம் கூடுதல் சத்தம் எல்லாம் இந்த வகை. இவை கிலோமீட்டர் ஏற ஏறக் குறைய வேண்டும். ஏற ஏறக் கூடினால் அது வேறு கதை.

முதலில் உங்கள் காலைப் பாருங்கள்

புதிதாக ஓட்டுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். 'ரன்னிங் இன் (புது வண்டியின் பாகங்கள் இழைந்து படியும் முதல் கட்டம்) முடியும்வரை வண்டியை மென்மையாக ஓட்டு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கியரையும் மென்மையாக, பயந்து பயந்து போடுகிறோம். மென்மை வேண்டியது ஆக்ஸிலரேட்டரைத் திருகும் கைக்கு. கியர் போடும் கால் தயங்கக் கூடாது. பாதித் தள்ளலில் நின்றால் முட்டு பள்ளத்தின் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொள்ளும். அப்புறம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் வழுக்கி வெளியே வரும். அல்லது இரண்டு கியருக்கும் நடுவே எதுவுமே பிடிக்காமல் இன்ஜின் மட்டும் உறுமும். இதைத்தான் ஃபால்ஸ் நியூட்ரல் என்கிறார்கள். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வருவதுதான் வழக்கம்.

கியரை ஏற்றும்போது இப்படிச் செய்து பாருங்கள்:

1. மாற்றப்போகும் சற்று முன்பே பெருவிரலை லீவருக்கு அடியில் கொண்டுபோய் லேசான அழுத்தம் கொடுத்து வையுங்கள்.
2. ஆக்ஸிலரேட்டரை அடக்குவதும் கிளட்சைப் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். கிளட்சை முழுதாக, கைப்பிடி வரை இழுங்கள்.
3. லீவரை ஒரே மூச்சில், அது நிற்கும் இடம் வரைக்கும் தூக்குங்கள். உதைக்க வேண்டாம். உறுதியாகத் தள்ளினால் போதும்.
4. கிளட்சை விட்டு, அது பிடித்துக்கொண்டதை உணர்ந்த பிறகு லீவரிலிருந்து காலை எடுங்கள்.

நான்காவது படியைப் பலர் விட்டுவிடுவார்கள். கிளட்ச் பிடிப்பதற்குள் காலை எடுத்தால் சில சமயம் முட்டு முழுதாக உட்கார்ந்திருக்காது. அதே சமயம், கியர் விழுந்த பிறகும் காலை லீவரிலேயே சாய்த்து வைத்து ஓட்டக் கூடாது. உள்ளே அந்த ஃபோர்க் சுற்றும் சக்கரத்தை ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். புது வண்டியைக் கெடுக்க இது போதும்.

இறக்கும்போது ஒவ்வொரு கியராக இறக்குங்கள். கிளட்சைப் பிடித்த நிலையில் ஆக்ஸிலரேட்டரைத் துளி தூண்டிவிட்டு லீவரை அழுத்தினால் இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் நெருங்கிவரும். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். இது கைவர ஒரு வாரம் ஆகலாம். வந்துவிட்டால் அப்புறம் விடமாட்டீர்கள்.

உங்கள் வண்டியில் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டர் இருந்தால்கூட முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிளட்ச் பிடித்தே மாற்றுங்கள் என்பேன். அது நன்றாக வேலை செய்வது ஓரளவு ஆர்.பி.எம். ஏறிய பிறகுதான். ரன்னிங் இன்னில் நாம் ஓட்டும் வேகத்தில் அது இடிப்பதுபோல் இருக்கும். வண்டியின் மேல் வீண் சந்தேகம்தான் வரும்.

நின்ற இடத்தில் வரும் தொல்லைகள்

நான்காவது கியரிலேயே வந்து சிக்னலில் நின்றுவிட்டு, அங்கிருந்து முதல் கியருக்கு இறக்கப் பார்க்கிறோம். ஒன்று இறங்குகிறது, அடுத்தது இறங்க மறுக்கிறது. இதில் கோளாறு எதுவும் இல்லை. வண்டி நின்றுவிட்டால் உள்ளே சக்கரங்கள் சுற்றுவதில்லை. முட்டுக்கு நேராகப் பள்ளம் இல்லாமல் இன்னொரு முட்டு வந்து நின்றால், எவ்வளவு மிதித்தாலும் விழாது. மிதிக்க மிதிக்க ஃபோர்க் வளையத்தான் வாய்ப்பு. கிளட்சை அரைக்கால்வாசி விட்டுத் திரும்பப் பிடியுங்கள், சக்கரம் துளி நகரும், கியர் விழுந்துவிடும். அல்லது உட்கார்ந்தபடியே வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். நல்ல பழக்கம் என்னவென்றால், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே கியரை இறக்கிக்கொண்டு வருவது.

நியூட்ரலுக்கும் இதே வழி. நின்ற பிறகு தேடாதீர்கள். நிற்பதற்கு ஒரு நொடி முன், வண்டி நடை வேகத்தில் உருளும்போது, இரண்டாவது கியரிலிருந்து பெருவிரலால் மெல்லத் தட்டுங்கள். கியர்களில் உறுதியான கால் வேண்டும், நியூட்ரலுக்கு மட்டும் அரைத் தட்டு. கவாஸாகி பைக்குகள் பலவற்றில் நின்ற நிலையில் முதல் கியரிலிருந்து தூக்கினால் நியூட்ரலைத் தாண்டாதபடி ஓர் அமைப்பே இருக்கிறது. அந்த வண்டியில் நின்றபடி இரண்டாவது கியர் விழவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டதும் 'டமார்' என்று ஒரு இடி, வண்டி ஒரு துள்ளு. இரவு முழுக்க நின்றதில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆயிலும் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். நீங்கள் கிளட்சைப் பிடித்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாமல் கியர்பாக்ஸைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிச் சுற்றுவதை முதல் கியர் சட்டென்று நிறுத்துவதுதான் அந்த இடி. ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சை நாலைந்து முறை பிடித்து விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஏறிய ஐடில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கொஞ்சம் இறங்கட்டும். பிறகு கிளட்சைப் பிடித்து இரண்டு நொடி பொறுத்து முதல் கியரைப் போடுங்கள். இடி பாதியாகிவிடும்.

இன்ஜினை அணைத்து ஒரு சோதனை

காலைத் திருத்தியும் தொல்லை போகவில்லையா? குற்றம் கியர்பாக்ஸிலா கிளட்சிலா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டி மேல் உட்காருங்கள். கிளட்சைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல உருட்டியபடி ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்குங்கள். நியூட்ரலைத் தேடிப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே முதல் கியரிலிருந்து நியூட்ரலைத் தேடுங்கள்.

அணைத்திருக்கும்போது லகுவாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், சந்தேகமே வேண்டாம், கிளட்ச் முழுதாக விலகவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. சூடான இன்ஜின், சமதரை, முதல் கியர், கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கிறது, ஆனாலும் வண்டி தானாக முன்னே ஊர்கிறது. இதைப் பார்க்கும்போது முன் பிரேக்கில் விரல் இருக்கட்டும், எதிரே சுவரோ ஆளோ இருக்கக் கூடாது.

அணைத்திருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் விழ மறுத்தால் அது உள் விவகாரம். நேராக சர்வீஸ் சென்டர்தான்.

கிளட்ச் ப்ளே: ஐந்து நிமிட வேலை

கிளட்ச் லீவரின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். முதலில் சும்மா வரும். ஓரிடத்தில் கேபிள் இறுகி எதிர்ப்புத் தெரியும். அதுவரைக்கும் நுனி நகர்ந்த தூரம்தான் ப்ளே. பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். பல பைக்குகளில் இது நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். சில கம்பெனிகள் நுனியில் அளக்காமல் லீவரின் அடியில், அது திரும்பும் இடத்து இடைவெளியை 2, 3 மில்லிமீட்டர் என்று தருவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் எங்கே அளக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்து அதன்படி செய்யுங்கள்.

புது கேபிள் முதல் சில வாரங்களில் படிந்து கொஞ்சம் தளரும். ப்ளே கூடும். ப்ளே கூடினால் லீவரை முழுதாக இழுத்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. டெலிவரி அன்று சரியாக இருந்த வண்டி பதினைந்து நாளில் அடம்பிடிக்க இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்ஜின் ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். லீவர் பக்கத்து ரப்பர் உறையை விலக்கினால் ஒரு லாக்நட்டும் கையால் திருகக்கூடிய அட்ஜஸ்டரும் தெரியும். லாக்நட்டைத் தளர்த்துங்கள். அட்ஜஸ்டரை வெளியே வரும்படி திருகினால் ப்ளே குறையும், உள்ளே போகும்படி திருகினால் கூடும். அரைச் சுற்று, அப்புறம் அளவு, திரும்ப அரைச் சுற்று என்று போங்கள். அளவு வந்ததும் லாக்நட்டை இறுக்குங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ப்ளே மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ மடங்கியோ இழுபட்டோ இருக்கிறது. மேல் அட்ஜஸ்டர் ஏற்கெனவே வெளியே நீண்டு நின்றால் இன்ஜின் பக்கம் இருக்கும் கீழ் அட்ஜஸ்டரில் சரிசெய்ய வேண்டும். அதை முதல் முறை மெக்கானிக் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ப்ளேயே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். கியர் அருமையாக விழும். ஆனால் பிளேட்டுகள் எப்போதும் அரைகுறையாகப் பிடித்துத் தேய ஆரம்பிக்கும். மேல் கியரில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். எகிறும், வேகம் ஏறாது. அந்த அறிகுறி தெரிந்தால் அன்றே சரிசெய்யுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிள் கிடையாது. அங்கே தொல்லை என்றால் பெரும்பாலும் பைப்பில் காற்றுப் புகுந்திருக்கும், அதைச் சர்வீஸில்தான் எடுக்க வேண்டும்.

கியர் லீவர் உயரம், செயின்

ஓட்டும்போது உட்காருவதுபோல் உட்கார்ந்து காலை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். வழக்கமாகப் போடும் ஷூவோடு. பாதத்தை ஃபுட்ரெஸ்டிலிருந்து தூக்காமல் பெருவிரல் லீவருக்கு அடியில் நுழைகிறதா? கணுக்காலை மட்டும் அசைத்து முழுத் தள்ளல் கொடுக்க முடிகிறதா? இல்லையென்றால் உயரம் உங்கள் காலுக்குப் பொருந்தவில்லை. ஃபால்ஸ் நியூட்ரல் அடிக்கடி வருகிறவர்களில் பலருக்கு இது ஒன்றே காரணமாக இருக்கும். லீவர் நேராக ஷாஃப்டில் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி ஒரு பல் மேலேயோ கீழேயோ மாட்டலாம். கழற்றும் முன் பழைய இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஒரு கம்பி இருந்தால் அதன் இரண்டு நட்டையும் தளர்த்திக் கம்பியைத் திருகினால் போதும். அந்த நட்டுகளில் ஒன்று வழக்கமாக எதிர்த்திசை மரை. வரவில்லையே என்று பலம் காட்டிவிடாதீர்கள். முன்னும் பின்னும் மிதிக்கும் லீவர் என்றால் பின்பகுதி எதிலாவது இடிக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாகப் பிறகு மாட்டிய கிராஷ் கார்டில்.

புது செயினும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தளரும். தளர்ந்த செயின் ஒவ்வொரு கியருக்கும் ஒரு வெட்டு வெட்டும். கியர்பாக்ஸ்தான் இடிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். செயின் எவ்வளவு ஆட வேண்டும் என்ற அளவு பெரும்பாலும் ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

ஆயிலும் முதல் சர்வீஸும்

பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. அதனால் ஆயில் மாறினால் கியரின் உணர்வும் மாறும். கையேட்டில் சொன்ன கிரேடு, அதோடு டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு. இந்த இரண்டும் இருந்தால் போதும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் பைக் கிளட்சை வழுக்க வைக்கக்கூடும். 'கியர் ஸ்மூத்தாகும்' என்று யாராவது தரும் சேர்மானப் புட்டிகளைப் புது வண்டியில் ஊற்றாதீர்கள்.

முதல் சர்வீஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொதுவாக 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் ஆயில் இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஆயிலில் ஒரு சொட்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மீன் செதில் போல நுண்ணிய மினுமினுப்புத் தெரியும். பாகங்கள் இழைந்ததில் உதிர்ந்த உலோகத் துகள் அது. ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருக்கும். முதல் முறை இது இயல்பு. விரலில் நெருடும் சில்லுகளோ உடைந்த துண்டுகளோ இருந்தால் இயல்பில்லை, அங்கேயே காட்டிக் கேளுங்கள். என் வண்டியில் ப்ளேயும் அன்றுதான் சரியானது, ஆயிலும் அன்றுதான் மாறியது. வெளியே வந்து முதல் சிக்னலில் நின்றபோது நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தபடி சிக்னல் மாறியதையும் கவனிக்காமல் நின்றேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரே கியர் திரும்பத் திரும்பத் தானாகக் கழன்று வெளியே வருவது, கிளட்ச் பிடித்தும் உலோகம் அரைபடும் சத்தம், மிதித்த லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் தொங்குவது, லீவர் ஷாஃப்ட் அருகே ஆயில் கசிவு, ப்ளே சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்குவது. இவற்றில் எது வந்தாலும் ரன்னிங் இன் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். கியர் கழல்வது ஓட்டும்போது ஆபத்து. அதோடு, ஒவ்வொரு முறை கழலும்போதும் முட்டின் ஓரம் இன்னும் மழுங்கும்.

போகும்போது வெறுமனே "கியர் டைட்டா இருக்கு" என்று சொன்னால் "ஓட ஓட சரியாயிடும்" என்ற பதிலோடுதான் திரும்புவீர்கள். நான் அப்படித்தான் திரும்பினேன். இரண்டு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு, ஏற்றும்போதா இறக்கும்போதா, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபிறகா, பத்து முறையில் எத்தனை முறை, எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்கியது, கிளட்ச் ப்ளே இப்போது எவ்வளவு. "மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்றும்போது, சூடானபிறகு, பத்துக்கு நான்கு முறை ஃபால்ஸ் நியூட்ரல் வருகிறது, ப்ளே 15 மில்லிமீட்டர்" என்று சொல்கிறவரை யாரும் சும்மா அனுப்ப முடியாது. மெக்கானிக்கை உங்கள் முன்னால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் காலில் வரவில்லையென்றால் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். சொன்னது அத்தனையும் அதே வார்த்தைகளில், கிலோமீட்டரோடு ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, ஒரு நகலை வாங்கி வண்டிப் பேப்பரோடு வையுங்கள். வாரண்டிக்குள் ஒருவேளை கியர்பாக்ஸைத் திறக்க வேண்டி வந்தால், தொல்லை எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் அத்தாட்சி அதுதான்.